கோல்மார் பக்கம் ‘ஒயின் கிராமச் சுற்றுலா’ புக் செய்யப் போகிறீர்களா?

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கும் நம்ம ஆட்களுக்கு, எல்லையைத் தாண்டினால் வரும் பிரான்ஸின் ஆல்சாஸ் பகுதி புதிதல்ல. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், ரைன் நதியைத் தாண்டி ஸ்ட்ராஸ்பூர்க், அங்கிருந்து கோல்மார் என்று கூட்டிப் போய்விடுவோம். அடுத்த ஆசை, கோல்மாரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் பழங்காலக் கிராமங்கள். அங்கேதான் சிக்கல். ரிக்விர் மாதிரி ஊர்களுக்கு ரயில் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தும் அபூர்வம். காரில் போகலாம் என்றால் ஓட்டுபவர் ஒயினைத் தொட யோசிக்க வேண்டும். பிரான்ஸில் ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம்தான் வரம்பு, புது லைசென்ஸ்காரர்களுக்கு 0.2. இந்த இக்கட்டை நம்பித்தான் வேன் சுற்றுலாக்காரர்கள் பிழைக்கிறார்கள். நேர்மையாக நடத்துபவர்களும் இருப்பார்கள். எங்களுக்கு வாய்த்தவர்கள் அப்படி இல்லை.

விளம்பரத்தில் இருந்தது இது: ஐந்து கிராமங்கள், மலைக்கோட்டை, திராட்சை விவசாயியின் நிலவறையில் கிராண்ட் க்ரூ எனும் உயர்தர ஒயின் சுவைப்பு, மதிய உணவு (சைவம் உண்டு), மது அருந்தாதவர்களுக்குத் திராட்சைச் சாறு. தலைக்கு 145 யூரோ. அப்பாவும் அம்மாவும் மதுவைத் தொடாதவர்கள், முழுச் சைவம். முன்பதிவில் எழுதினேன், மின்னஞ்சலிலும் கேட்டேன். ‘பிரச்சினையே இல்லை’ என்று பதில் வந்தது.

முதலில் எகிஷைம். நடுவிலிருக்கும் கோட்டையைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெருக்கள் ஓடும் ஊர். பதினோராம் நூற்றாண்டில் போப்பாக இருந்த ஒன்பதாம் லியோ பிறந்தது இங்கேதான் என்கிறார்கள். 2013-இல் பிரெஞ்சு மக்களின் விருப்பக் கிராமமாகத் தேர்வானது. கூரை மேல் நாரைக் கூடுகளைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தாலே முக்கால் மணி நேரம் ஆகும். எங்களுக்குக் கொடுத்தது இருபது நிமிடம், அதில் கழிப்பறை வரிசையும் சேர்த்தி. மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் பிறந்த கைசர்ஸ்பெர்க்கிலும் இதே கதை. உனாவிரில் இறங்கவே இல்லை. மதில் சூழ்ந்த அந்தத் தேவாலயத்தை ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கைகாட்டிவிட்டு, ‘நான்காவது கிராமம்’ என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார். ‘ஏண்டி, இதுக்குத் திருச்சியில பஸ்ஸுல போகும்போதே மலைக்கோட்டையப் பாத்துடலாமே’ என்றார் அம்மா. மலைக்கோட்டை என்று விளம்பரத்தில் போட்டிருந்த ஓ-கோனிக்ஸ்பூர்க்கும் அப்படித்தான். ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1900 முதல் 1908 வரை புதுப்பிக்க வைத்த கோட்டை அது. நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேரவில்லை, உள்ளே போக நேரமும் இல்லை. வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

நேரமெல்லாம் எங்கே போனது? கடையில்.

விவசாயியின் நிலவறை என்று சொன்னது, நெடுஞ்சாலை ஓரத்தில் பேருந்து நிறுத்தும் இடத்தோடு கட்டிய ஒரு பெரிய விற்பனைக் கூடம். சுவரில் ஒட்டிய செங்கல் பேப்பர், ஓரத்தில் இரண்டு பழைய பீப்பாய். அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். வழிகாட்டியும் கடைக்காரரும் பேசிக்கொண்ட விதத்தைப் பார்த்தாலே கமிஷன் ஏற்பாடு என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். திராட்சைச் சாறு கேட்டோம். தீர்ந்துவிட்டதாம். அப்பா அம்மாவுக்கு ஆளுக்கொரு தண்ணீர் கோப்பை வந்தது.

என் கணவருக்கும் மற்றவர்களுக்கும் ஊற்றியது ரிக்விருக்கு மேலே இருக்கும் ஷோனென்பூர்க் சரிவில் விளைந்த ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒயின். நல்ல ஒயின், அதில் குறை சொல்ல முடியாது. ‘இதே ஒயின், ஆறு பாட்டில் அட்டைப்பெட்டி, பாட்டில் 27 யூரோ, நேராக உங்கள் வேனில் ஏற்றிவிடுகிறோம்’ என்றார்கள். அலுவலக நண்பர்களுக்குக் கொடுக்கலாமே என்று வாங்கினார். ஒட்டிய பெட்டி, பிரெஞ்சில் கையால் கிறுக்கிய ரசீது. வீட்டில் பிரித்தால் லேபிளில் ஷோனென்பூர்க் என்ற பெயரே இல்லை. கிராண்ட் க்ரூவும் இல்லை. ‘ஆல்சாஸ், ரீஸ்லிங், ரெசெர்வ்’, அவ்வளவுதான். அப்புறம் கோல்மார் போனபோது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அதே லேபிளைப் பார்த்தேன், ஒன்பது யூரோ சொச்சம்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை நடப்பது இந்த இடத்தில்தான். ஆல்சாஸில் கிராண்ட் க்ரூ என்பது அளந்து வரையறுத்த 51 தோட்டச் சரிவுகளுக்கு மட்டும் உரிய தகுதி. எகிஷைமில் ஐஷ்பெர்க், உனாவிரில் ரோசாக்கர் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயரும், ‘ஆல்சாஸ் கிராண்ட் க்ரூ’ என்ற சொல்லும், விளைந்த ஆண்டும் லேபிளில் இருக்க வேண்டும். மாறாக ‘ரெசெர்வ்’, ‘பழைய கொடிகள்’ என்று பொருள்படும் ‘வியே வீன்’ போன்றவற்றுக்கு அங்கே சட்டப்படி ஒரு வரையறையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பாட்டிலின் ஒல்லியான நெடிய வடிவத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். சாதாரண ஆல்சாஸ் வெள்ளை ஒயினும் அதே வடிவப் பாட்டிலில்தான் வரும். கலப்பு ஒயினான எடல்ஸ்விக்கர் கூட அப்படித்தான். ஆகவே பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மதிய உணவைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. வந்தது தார்ட் ஃப்ளாம்பே. மெல்லிய மாவில் கிரீம், வெங்காயம், பன்றி இறைச்சித் துண்டுகள் போட்டுச் சுடுவதுதான் அதன் வழக்கமான வடிவம். சைவம் என்றதும், தட்டை உள்ளே எடுத்துப் போய் இறைச்சியை மட்டும் பொறுக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். தண்ணீர் பாட்டிலுக்கு ஏழு யூரோ தனி பில். அங்கே சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. ‘யூன் கராஃப் தோ’ என்று கேட்டால் ஜாடியில் கொண்டுவந்து வைத்தாக வேண்டும். கேட்டேன், வந்தது. பில்லில் இருந்த ஏழு யூரோவும் மறைந்தது.

இனி பணம் திரும்பக் கேட்ட கதை. ஆன்லைனில் வாங்கியதற்கு 14 நாள் ரத்து உரிமை உண்டு என்று நண்பர்கள் சொன்னார்கள். குறிப்பிட்ட தேதிக்கு எடுத்த பொழுதுபோக்குச் சேவைக்கு அது பொருந்தாது. கடையில் நேரில் வாங்கிய ஒயினுக்கும் பொருந்தாது. இரவுத் தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குள் முடியும் பயணம் என்பதால் ஐரோப்பியப் பேக்கேஜ் சுற்றுலாச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. மிச்சம் இருப்பது ஒரே பிடி: சொன்னதைத் தரவில்லை என்பது. அதற்கு விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், சைவம் பற்றிய மின்னஞ்சல், ஒவ்வொரு ஊரிலும் எடுத்த படங்களில் பதிவாகியிருந்த நேரம் எல்லாம் உதவின. நிறுவனத்துக்கு எழுதினேன். அடுத்த சுற்றுலாவுக்கு 20 சதவீதத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள்! இன்னொரு முறை வேறு போகணுமாம்.

சரி என்று பிரெஞ்சு அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கோன்ஸோவில் சுற்றுலா நிறுவனம், கடை இரண்டின் மேலும் பதிந்தேன். ஜெர்மனியில் வசிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு எதிர்க்கரையில், கெல் ஊரில், இரு நாட்டு விவகாரங்களையும் பார்க்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையம் இயங்குகிறது. இலவசம், ஜெர்மனிலும் எழுதலாம். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடமும் தகராறு பதியுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.

அந்தக் கிராமங்களைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா அம்மா கிளம்புவதற்கு முன், ஒரு வேலைநாளில் கோல்மாரிலிருந்து பேருந்து பிடித்து ரிக்விர் போனோம். 1291-இல் கட்டிய டோல்டர் கோபுர வாசலைப் பார்த்துவிட்டு, தோட்டங்களுக்கு நடுவே உனாவிர் வரை நடந்தோம். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும், பெரிய ஏற்றம் இல்லை. அறுவடைக் காலத்தில் சில தோட்டப் பாதைகளை மூடிவிடுவார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். வழியில் ஒரு விவசாயி வீட்டு வாசலில் ‘தெகுஸ்தாசியோன்’ என்று சுவைப்புக்கான பலகை தொங்கியது. உள்ளே போனோம். காசு வாங்காமல் மூன்று வகை ஊற்றினார்கள், அம்மாவுக்குத் திராட்சைச் சாறும் கிடைத்தது.

கெல் மையம் கேட்ட ரசீது நகலை அனுப்பிவிட்டேன். முடிவு வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.