கடலூர் ஓ.டி. பட்டறையில் கிடைத்த பித்தளைத் திருகு

பொங்கல் கழிந்த நான்காம் நாள். விடியற்காலை ஐந்தரைக்கு வருவதாகச் சொன்ன வாடகைக் கார்க்காரர், "வந்துட்டே இருக்கேன் சார்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, மூன்றாம் தடவை போனையே எடுக்கவில்லை. சின்ன மச்சான்தான் தூக்கக் கலக்கத்தோடு பைக்கை எடுத்தான். தேவனாம்பட்டினம் போய், கெடிலம் கடலில் சேரும் முகத்துவாரத்து மணலில் நாங்கள் இறங்கும்போது கிழக்கே சிவந்துவிட்டது.

பதினேழு வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். லீவு நாளில் விடிந்தால் சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்குப் போய்விடுவேன். நுழைவுக் கட்டணம் இல்லை. காலை ஏழு மணிக்குத் திறந்துவிடும், அலையாத்திக்குள்ளேயே மரப்பலகைப் பாதை, பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து படமெடுக்க மறைவுக் குடில்கள். அங்கே வரும் பவளக்காலி என்ற சிவந்த கால் பறவையும் இங்கே வரும் பவளக்காலியும் ஒரே இனம்தான், வழிதான் வேறு. அங்கே வருவது கிழக்காசியா, ஆஸ்திரேலியா வலசைப் பாதையில். நம் கரைக்கு வருவது மத்திய ஆசியப் பாதையில், சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை முப்பது நாடுகளைத் தொட்டுப் போகும் பாதை அது. நான் பிறந்த ஊர் மணலில் அந்தப் பறவையை ஒரு தடவையாவது படமெடுக்க வேண்டும் என்று நாலு வருஷமாக ஆசை.

ஆசைப்பட்டபடியே நின்றது. ஈர மணலில் பவளக்காலிகள் ஏழெட்டு, அவற்றின் காலடியில் ஓடி ஓடி நிற்கும் பட்டாணி உப்புக்கொத்திகள், மேலே வட்டமடிக்கும் ஆலாக்கள். நான் முக்காலியை விரித்து, ஏறத்தாழ இரண்டு கிலோ கனமுள்ள லென்ஸை மாட்டி நிமிர்வதற்குள் ஒரு கால் மணலில் புதைந்து மொத்தமும் சாய்ந்தது. கேமராவைக் கையில் பிடித்துவிட்டேன். ஆனால் லென்ஸையும் முக்காலித் தகட்டையும் பிணைக்கும் திருகு 'டக்'கென்று முறிந்தது. பாதி தகட்டோடு வந்தது, மீதி லென்ஸ் காலுக்குள்ளேயே (லென்ஸின் அடியில் முக்காலியோடு பொருத்தும் பகுதி) மாட்டிக்கொண்டது. அந்த வெளிச்சத்தில் அந்த லென்ஸைக் கையில் பிடித்து எடுத்த படம் எல்லாமே கலங்கல். நல்ல வெளிச்சம் வருவதற்குள் நாய் ஒன்று ஓடி வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

ஒன்பதரைக்குக் கடைகள் திறந்ததும் அலைச்சல் ஆரம்பம். கேமரா விற்கும் கடையில் லென்ஸைக் கையில்கூட வாங்கவில்லை, "இதெல்லாம் சென்னைதான் சார்" என்றார்கள். இன்னொரு கடையில் முழுத் தகடும் ஆர்டர் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள், உள்ளே முறிந்து நிற்கும் துண்டுக்கு வழியில்லையாம். புதுச்சேரியில் ஒரு இடத்துக்குப் போன் போட்டால், கம்பெனிக்கு அனுப்பி வாங்க இரண்டு வாரம் என்றார்கள். எனக்கு ஆறாம் நாள் விமானம். எரிச்சல் தாங்கவில்லை. சிங்கப்பூரிலும் இதே பதில்தான் வந்திருக்கும், இன்னும் மரியாதையாக வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் இப்படி இருந்ததில்லையே. அப்பாவின் ரேடியோ, அம்மாவின் தையல் மிஷின், எது கெட்டாலும் "அங்கே குடு, பார்ப்பான்" என்று சொல்ல ஒரு ஆள் இருப்பாரே.

அந்த ஆளை மச்சான்தான் சொன்னான். ஓ.டி.யில், அதாவது கடலூர் ஓல்டு டவுனில், துறைமுகம் போகிற வழியில் ஒரு லேத் பட்டறை. படகு என்ஜின் ஷாஃப்ட் கடைவதுதான் பிரதான வேலை. வாசலிலேயே டீசல் வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து வந்தன, எனக்குப் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. அறுபது வயதிருக்கும் அவருக்கு. லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன விலை தம்பி?"

சொன்னேன். உடனே லென்ஸை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அப்ப இது இங்க இருக்கக் கூடாது. காலை மட்டும் கழட்டிக் குடுங்க. தூசு பறக்கும், கண்ணாடிக்கு ஆகாது."

எந்தச் சர்வீஸ் மையத்திலும் என் பொருளை இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை. நான்கு சிறு திருகுகளைக் கழற்றிக் காலைக் கொடுத்தேன். பழைய வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, கீறல் விழாமல் வைஸில் பிடித்தார். முறிந்த இடத்தில் மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டு, "ஊறட்டும், டீ சாப்பிட்டு வாங்க" என்றார். நாங்கள் நகரவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஒரு கூர் உளியைத் துண்டின் ஓரத்தில் சாய்த்து வைத்து, சுத்தியால் தட்டினார். தட்டினார் என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டார். இடப்பக்கமாக ஒரு மயிரிழை நகர்ந்தது. மறுபடி ஒரு தொடுதல். ஏழெட்டுத் தொடுதலில் துண்டு மேலே தலைகாட்டியது, விரல் நகத்தாலேயே சுற்றி எடுத்துவிட்டார். உள்ளே திருகு சுற்றி ஏறும் மரை கொஞ்சமும் சிதையவில்லை.

அந்தத் துண்டை மரை அளக்கும் தகட்டில் வைத்துப் பார்த்து, "கால் இஞ்ச், இஞ்சுக்கு இருபது மரை" என்றார். "இது இரும்பு. துரு உள்ளே ஏறியிருக்கு பாருங்க, அதான் முறிஞ்சது. உப்புக்காத்துல இரும்பு நிக்காது. பித்தளையில போட்டுத் தரேன்." முறிந்த முகத்தில் உண்மையாகவே பாதிக்கு மேல் பழுப்பாக இருந்தது. மணலில் சாய்ந்ததால் முறிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாகவே அது உள்ளே தின்றுகொண்டு இருந்திருக்கிறது.

பித்தளைக் கம்பியை லேத்தில் மாட்டிக் கடைந்தார், பொன் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. டையை வைத்துக் கையாலேயே மரை வெட்டினார், அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. தலையில் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, "காசை வெச்சே முடுக்கிக்கலாம், காட்டுக்குள்ள திருப்புளி தேட வேணாம்" என்றார். ரொம்ப முறுக்காதீர்கள், பித்தளை மெத்து என்றும் சொன்னார். நாற்பது நிமிஷம், நூற்றிருபது ரூபாய். இருநூறாகக் கொடுத்தேன், மீதி எண்பதை எண்ணி என் கையில் வைத்துவிட்டார்.

அன்று மத்தியானமே பிச்சாவரம் போனோம். படகு, சாப்பாடு, வழி எதிலும் குறையில்லை. என்ஜின் படகு வேண்டாம், துடுப்புப் படகில் குறுகிய வாய்க்காலுக்குள் போங்கள். ஒரே ஒரு வருத்தம். கூட்டமாக வந்தவர்கள் போனில் பாட்டை அலறவிட்டு, ஒரு நீர்க்காகத்தைக்கூட மரத்தில் உட்கார விடவில்லை. சுங்கை பூலோவில் குழந்தைகள்கூடக் கிசுகிசுத்துத்தான் பேசும். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை இந்தக் காட்டு மரம். அதற்குள் போகும்போது கோயிலில் இருப்பதுபோல் இருந்தால் என்ன?

நாலரை மணிக்குச் சுரபுன்னை வேர் ஒன்றில் கருந்தலை மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. படகுக்கார அண்ணன் துடுப்பை நீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கரையோரச் சேற்றுத் திட்டில் இறங்கி முக்காலியை ஊன்றினேன். பவளம் போன்ற அலகும் நீல முதுகும் ஒரு இறகு கலங்காமல் வந்தன.

பவளக்காலிக்காக அடுத்த பொங்கலுக்கு மறுபடி வரவேண்டும். ஓ.டி. பட்டறைக்குப் போகிறவர்கள் மத்தியானம் ஒன்றரைக்கு முன்னால் போங்கள், அப்புறம் சாப்பாட்டுக்கு மூடிவிடுவார். முறிந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அளவு பார்க்க அதைத்தான் முதலில் கேட்பார்.