முதுகெலும்பு வளைவு: இணைப்பதா, இழுத்துக் கட்டுவதா?

பதின்வயதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸில், வளைவின் அளவாக எக்ஸ்ரேயில் அளக்கப்படும் கோப் கோணம் 50 பாகையை நெருங்கும்போது அறுவை சிகிச்சையைப் பற்றிய பேச்சு எழுகிறது. அந்த அளவைக் கடந்த மார்புப் பகுதி வளைவு, வளர்ச்சி நின்ற பின்னரும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 பாகை வீதம் கூடக்கூடும். மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ மகளைப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு அப்போது எழும் முதல் கவலை, அவளால் இனிக் குனிந்து நிமிர முடியுமா என்பதுதான். அறுவை முறைகளை ஒப்பிடுவதற்கு அதுவே சரியான அளவுகோல் என்று நான் கருதுகிறேன்.

பெரும்பாலோருக்கு இன்று செய்யப்படுவது, வளைந்த பகுதியின் முள்ளெலும்புகளை முதுகுப்புறமாகச் சென்று ஒன்றாக இணைக்கும் முதுகுப்புற ஃப்யூஷன். இதற்காக 1960களில் பரவிய ஹாரிங்டன் என்னும் உலோகக் கம்பி வளைவை நிமிர்த்தியதே தவிர, கீழ்முதுகின் இயல்பான உட்குழிவைப் பலருக்குத் தட்டையாக்கியது. முள்ளெலும்பினுள் செலுத்தப்படும் இப்போதைய பெடிக்கிள் திருகுகளோ முள்ளெலும்பின் முறுக்கத்தையும் சேர்த்துத் திருத்துகின்றன. இணைக்கப்பட்ட எலும்புகள் ஒன்றாகிவிடுவதால் அவற்றிடையே அசைவு இராது. ஆயினும் விலா எலும்புகள் தாங்கும் மார்புப் பகுதியில் குனியும் அசைவு இயல்பாகவே குறைவு என்பதால், இணைப்பு இடுப்பின் மேற்பகுதியோடு நின்றால் இழப்பு சிறிது; இடுப்புப் பகுதியின் மூன்றாம், நான்காம் முள்ளெலும்பு வரை இறங்கினால் அது நன்றாகவே உணரப்படும். ஆகவே, கடைசித் திருகு எந்த எலும்பில் அமையும் என்பதைப் பெற்றோர் அவசியம் கேட்க வேண்டும்.

வளைவு இடுப்புப் பகுதியில் மட்டும் இருந்தால், விலாப்புறமாகச் சென்று முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளை நீக்கி இணைக்கும் முன்புற ஃப்யூஷனில் சில எலும்புகளை இணைக்காமல் தப்பவைக்கலாம். ஆனால் உதரவிதானத்தைப் பிரிக்க நேரிடலாம்.

டெதரிங் முறையில் இணைப்பே இல்லை. வளைவின் புடைத்த பக்கத்தில் திருகுகளைப் பொருத்தி, நெகிழும் நாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். அழுத்தப்பட்ட பக்கம் மெதுவாக வளர, மறுபக்கம் வளர்ந்து நிமிர்கிறது. 2019இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு வரம்புக்குட்பட்ட அனுமதி அளித்தது. நார் அறுவதும், வளைவு மறுபக்கம் திரும்புவதும் நேர்வதால் மறு அறுவை ஃப்யூஷனைவிட அதிகம். எலும்பு வளர்ச்சி முடிந்துவிட்ட பெண்ணுக்கு, வளர்ச்சியை நம்பிய இந்த முறையைப் புதியது என்பதற்காகவே தேர்வதை நான் ஏற்கமாட்டேன். வளர்ச்சி மிஞ்சியிருந்து, வளைவும் நெகிழ்வாக இருக்கும் சிறுமிக்கு, மறு அறுவை நேரக்கூடும் என்பதைக் குடும்பம் முழுதும் அறிந்து ஒப்பினால், இது பரிசீலிக்கத்தக்கது.

எந்த முறையானாலும், தண்டுவடச் சமிக்ஞைகளை அறுவையின்போதே கண்காணிக்கும் நியூரோமானிட்டரிங் வசதி அந்த மருத்துவமனையில் உண்டா என்பதைத் தேதி குறிக்கும் முன்பே கேட்டறிய வேண்டும்.