ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5: இன்று அனுப்புவதை நாளைய குவாண்டம் கணினியிடமிருந்து காக்குமா?

என் மகளின் கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அளவைச் சொல்கிறது. அந்த அளவு கைபேசி வழியாக வீட்டிலுள்ள ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து நான் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் சேர்கிறது. கிணற்று மோட்டார், மேல்நிலைத் தொட்டி, வாசல் கேமரா ஆகியவற்றின் தகவல்களும் அதே வழியில்தான் போகின்றன. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதை இருபது ஆண்டு கழித்து யார் படித்தாலும் எனக்கு நட்டமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் உடல்நிலைக் குறிப்பு அப்படியல்ல. அவள் வேலைக்குப் போகும் காலத்திலும் காப்பீடு எடுக்கும் காலத்திலும் அது அவளுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இணையத்தில் போகும் தரவைப் பூட்டி அனுப்பும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3.5 பதிப்பை நிறுவிச் சில மாதங்களாக ஓடவிட்டுப் பார்த்தேன்.

இணையத்தில் இரு கருவிகள் பேசத் தொடங்கும்போது செய்துகொள்ளும் சாவிப் பரிமாற்றத்தைப் போதிய பெரிய குவாண்டம் கணினியால் உடைக்க முடியும் என்பதை பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிவிட்டார். அத்தகைய கணினி இன்று யாரிடமும் இல்லை. ஆனால் பரவலாகப் புழங்கும் பழைய பூட்டு முறையான ஆர்எஸ்ஏவின் 2,048 பிட் சாவியை உடைக்க 2 கோடி கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) வேண்டும் என்று 2019-ல் கணக்கிட்ட ஆய்வாளர் கிரெய்க் கிட்னி, 2025-ல் 10 லட்சத்துக்கும் குறைவானவையே போதும் என்று தம் கணக்கைத் திருத்தினார். கணினி வரும்வரை காத்திருக்கலாம் என்று சொல்லவும் வழியில்லை. இன்று கம்பியில் ஓடும் தரவை அப்படியே பதிவுசெய்து வைத்துக்கொண்டு, திறக்கும் வசதி கிடைக்கும் நாளில் திறந்து பார்க்கலாம்.

2025 ஏப்ரலில் வெளிவந்த 3.5 பதிப்பு, அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரநிலையாக அறிவித்த மூன்று புதிய முறைகளையும் கொண்டிருக்கிறது: சாவிப் பரிமாற்றத்துக்கு எம்எல்-கெம், அனுப்பியவர் யார் என்று உறுதிசெய்யும் மின்னணுக் கையொப்பத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ. விலை கிடையாது, 2030 ஏப்ரல் வரை பராமரிப்பு உண்டு. டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இது உடன் வருவதால் மூல நிரலிலிருந்து தனியாகத் தொகுக்க வேண்டிய வேலையும் இல்லை.

நிறுவிய பிறகு, கருவிகளின் செய்திகளை வாங்கி உரிய இடத்துக்குக் கொடுக்கும் மஸ்கிட்டோ புரோக்கரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. பழைய எக்ஸ்25519 முறையையும் புதிய எம்எல்-கெம்-768 முறையையும் சேர்த்துப் பின்னிய கலப்புப் பரிமாற்றத்தை இந்தப் பதிப்பு தானாகவே முதலில் முன்வைக்கிறது. இந்தக் கலப்பு எனக்கு மிகவும் பிடித்த முடிவு. நிஸ்ட் தேர்வின் நான்காம் சுற்றுவரை வந்திருந்த சைக் என்ற முறையை 2022-ல் ஆய்வாளர்கள் ஒரு சாதாரண கணினியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். புதிய கணிதத்தில் நாளை அப்படி ஓர் ஓட்டை தெரியவந்தாலும் பழைய பூட்டு பூட்டியபடியே இருக்கும்.

குறை என்று நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மறுமுனைக்குப் புதிய முறை தெரியாவிட்டால் இந்த மென்பொருள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பழைய முறைக்கு இறங்கிவிடுகிறது. வீட்டுப் பெட்டியைப் புதுப்பித்த நான், வாடகை சர்வரில் டெபியன் 12-உம் அதிலுள்ள ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-உம் இருந்ததை மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துச் சோதனைக் கட்டளையை இயக்கி, இரு முனைகளும் ஒப்புக்கொண்ட பரிமாற்ற முறை (இதைக் 'குழு' என்பார்கள்) எது என்று காட்டும் வரியைப் படித்தபோது, அங்கே எக்ஸ்25519 மட்டும் தனியாக நின்றது. மூன்று வார அளவுகளும் பழைய பூட்டோடுதான் போயிருந்தன. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 10.1 இதே நிலையில் பயனருக்கு எச்சரிக்கை காட்டுகிறது. இங்கும் அப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும். பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் விதிமுறையில் 1.2-க்கு மேல் தெரியாத பழைய கருவிகளுக்கு இந்தப் பாதுகாப்பு எவ்வகையிலும் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வேகத்தில் வேறுபாடு தெரியவில்லை, அளவில்தான் தெரிகிறது. சாவிப் பரிமாற்றத்துக்கு இணையும் கருவி முதலில் அனுப்பும் பங்கு முன்பு 32 பைட், இப்போது 1,216 பைட். மற்ற விவரங்களும் சேரும்போது முதல் செய்தி ஒரே பொட்டலத்தில் அடங்காமல் இரண்டாகப் பிரிகிறது. கிணற்றடியில் சிம் போட்டு வைத்திருக்கும் மலிவான மோடம் இரண்டாவது துண்டை விழுங்கிவிட்டது போலிருந்தது. இணைப்பு தொடங்கும், அப்படியே தொங்கும். கலப்பு முறையை அந்த ஓர் இடத்தில் நிறுத்தியதும் சரியாயிற்று. 2024-ல் குரோம் 124 இதே வகைப் பரிமாற்றத்தை இயல்பாக்கியபோதும், பிரிந்து வரும் முதல் செய்தியைப் படிக்கத் தெரியாத சர்வர்கள் பல அம்பலப்பட்டன. எனவே பிழை மென்பொருளுடையதன்று. ஆனால் அலைச்சல் நம்முடையது.

மொபைல் டேட்டாவில் ஓடும் சென்சார்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் இரு திசையிலும் சேர்த்து 2,272 பைட் கூடுதலாகிறது. கால் மணிக்கு ஒருமுறை புதிதாக இணையும் கருவி மாதத்துக்கு ஆறரை மெகாபைட் கூடுதலாகச் செலவழிக்கும். இணைப்பை அறுக்காமல் உயிரோடு வைத்திருப்பதே நல்லது.

தொட்டியில் இருக்கும் சிறு மின்னணுப் பலகைகளில் ஓடும் மென்பொருள் நூலகத்துக்கு எம்எல்-கெம் தெரியாது. அவற்றுக்கு நான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 256 பிட் ரகசியச் சாவியை முன்கூட்டியே ஏற்றி, அதைக் கொண்டே இணையும்படி செய்திருக்கிறேன். இவ்வகைச் சாவியை ஷோரின் வழி தொடாது. பலகை திருடு போனால் அதன் சாவியும் போகும் என்பது உண்மை. நான்கு பலகைகள் உள்ள வீட்டில் அதைச் சமாளிக்கலாம், நாலாயிரம் மீட்டர்களை நிர்வகிப்பவரால் முடியாது.

கையொப்ப முறைகளையும் சோதித்தேன். எம்எல்-டிஎஸ்ஏ-65 கையொப்பம் ஒன்று 3,309 பைட். பழைய நீள்வளைவுக் கையொப்பம் 64 பைட்தான். சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ்களுக்கு இதில் அவசரமில்லை என்பது என் முடிவு, ஏனெனில் நடந்து முடிந்த அடையாளச் சோதனையைப் பின்னால் வந்து யாரும் ஏமாற்ற முடியாது. கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரின் கதை வேறு. பதினைந்து ஆண்டு உழைக்கப்போகும் கருவியின் சிப்பில், புதிய ஃபர்ம்வேரைச் சரிபார்க்கும் பொதுச்சாவி தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டுவிடுகிறது. அது ஆர்எஸ்ஏ சாவியாக இருந்தால், அதை உடைத்தவர் தம் மென்பொருளை அசலைப் போலவே அதில் ஏற்றலாம், ஓப்பன்எஸ்எஸ்எல் எந்தப் பதிப்பாக இருந்தாலும் அதைத் தடுக்க இயலாது. தீர்வு இல்லாமலில்லை: இன்ஃபினியான் 2022-ல் அறிவித்த ஆப்டிகா டிபிஎம் எஸ்எல்பி 9672 சிப், தன் ஃபர்ம்வேர் புதுப்பிப்பை குவாண்டம் கணினியையும் தாங்கும் எக்ஸ்எம்எஸ்எஸ் என்ற ஹேஷ் வழிக் கையொப்பத்தால் காக்கிறது.

சர்க்கரை அளவு போகும் வழியில் இரு முனைகளிலும் 3.5 இருக்கிறது, வாரம் ஒருமுறை அந்தக் குழு வரியைத் தானாகப் படித்து, மாறியிருந்தால் எனக்குச் செய்தி அனுப்பும் சிறு நிரல் ஒன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். வாசலுக்குப் புதுக் கேமரா வாங்கும் எண்ணம் மட்டும் நிற்கிறது. அதன் ஃபர்ம்வேரை எந்தக் கையொப்பத்தால் சரிபார்க்கிறார்கள் என்று விற்பவரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை பழையதே அங்கே இருக்கும்.