காட்ஸ்வோல்ட்ஸா, கார்ன்வாலா?

லண்டனில் இருந்துகொண்டு நான்கைந்து நாள் எங்காவது போய்வரலாம் என்று பேச்செடுத்தால் இந்த இரண்டு பெயரும்தான் முதலில் வரும்: குன்றுகளுக்கிடையே சிற்றூர்கள் கிடக்கும் காட்ஸ்வோல்ட்ஸ், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கடலோரமாக இருக்கும் கார்ன்வால். இரண்டுக்கும் பேடிங்டன் நிலையத்தில்தான் ரயில் ஏற வேண்டும். காட்ஸ்வோல்ட்ஸுக்குப் போக மோர்டன்-இன்-மார்ஷில் இறங்க வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். கார்ன்வாலின் கடைசி நிலையமான பென்சான்ஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். இதை மட்டும் பார்த்துப் பலர் காட்ஸ்வோல்ட்ஸைப் பிடித்துக்கொள்கிறார்கள். கையில் இரண்டே நாள் என்றால் அது சரி. நான்கு நாள் இருந்தால் நான் கார்ன்வால் கட்சி.

காட்ஸ்வோல்ட்ஸின் அழகு கல்லில் இருக்கிறது. வீடு, வேலி, கோயில் எல்லாமே தேன் நிறச் சுண்ணாம்புக் கல். ஊர்களை வளர்த்தது செம்மறி ஆடு. இங்கே கத்தரித்த கம்பளி மத்திய காலத்தில் கடல் கடந்து போனது, அந்தப் பணத்தில்தான் நார்த்லீச், சிப்பிங் கேம்டன் மாதிரிச் சிற்றூர்களில் அவ்வளவு பெரிய தேவாலயங்கள் எழுந்தன. 'சிப்பிங்' என்றாலே சந்தை என்று பொருள். 1627இல் கட்டிய சந்தைக் கூடம் கேம்டன் கடைத்தெருவில் இன்றும் நிற்கிறது.

பைபரி என்ற சிற்றூரில் ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசையைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டியது, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பானது. படம் எடுத்தபின் ஒரு நிமிடம் நின்று கூரையைப் பாருங்கள். ஓடு கிடையாது, கல் பலகைகள். இறவாணத்தில் அகலப் பலகை, மேலே ஏற ஏறச் சிறிது, முகட்டில் கையகலம்தான். பாரம் சுவர்மேல் இறங்கும்படி அடுக்கிய வேலை அது.

ஆனால் பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். அந்த வீடுகளில் ஆள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்கும் நமக்கும் ஒரு கை தூரம்தான். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. ஒன்பதுக்கு முன்னால் போனால்தான் ஓடையின் சத்தம் காதில் விழும். சொந்தக் கார் இல்லாவிட்டால் உள்ளூர்ப் பேருந்தை நம்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதுவும் குறைவு. மூன்றாவது ஊரைப் பார்க்கும்போது முதல் ஊர் எதுவென்று குழம்பிவிடுகிறது. எனக்கு மனதில் நின்றது லோயர் ஸ்லாட்டரிலிருந்து போர்டன்-ஆன்-த-வாட்டருக்கு வயல் வழியே நடந்த நடைதான்.

கார்ன்வாலில் அந்தக் குழப்பம் வராது. ஒரே ஊர் காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி. 'மவுஸ்ஹோல்' (Mousehole) என்று எழுதி 'மவ்ஸல்' என்று சொல்கிறார்கள், பென்சான்ஸுக்குப் பக்கத்து மீன்பிடி ஊர். கடல் வற்றினால் துறைமுகத்துப் படகெல்லாம் கயிற்றோடு மணலில் சாய்ந்து கிடக்கும். ஆறு மணி நேரம் கழித்துப் போனால் அத்தனையும் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் அலை புகாமல் துறைமுக வாயை மரக்கட்டைகளை இறக்கி அடைக்கிறார்கள். 1981 டிசம்பர் 19 இரவு, புயலில் சிக்கிய கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்ற இந்த ஊரார் எட்டுப் பேர் மீட்புப் படகில் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை, கப்பலில் இருந்த எட்டுப் பேரும் பிழைக்கவில்லை. அந்தத் தேதியில் இன்றும் கிறிஸ்துமஸ் விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்து வைக்கிறார்கள். ஊரைச் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

போர்த்கர்னோவைத் தவறவிடாதீர்கள். பாறையைச் செதுக்கி அமைத்த மினாக் அரங்கு அங்கேதான், 1932இல் முதல் நாடகம் நடந்தது. கீழே உள்ள மணலில்தான் 1870இல் பிரிட்டனை பம்பாயோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பி கரையேறியது. அதற்கென்று அருங்காட்சியகமே உண்டு.

குறைகளும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் அறை வாடகை எகிறும். வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கிப் போடுவதால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைப்பதில்லை. 2016இல் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊர் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று முடிவெடுத்தார்கள். அதனால் நான் விடுமுறை வீடு எடுக்காமல் விடுதியில்தான் தங்குவேன்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடு போவதானால் என் பதில் மாறும். கார்ன்வால் ஊர்களில் தெருவே படிக்கட்டு மாதிரி ஏறும். காட்ஸ்வோல்ட்ஸின் போர்டன்-ஆன்-த-வாட்டரில் வின்ட்ரஷ் ஆற்றங்கரை சமதளம், நிழலில் உட்கார்ந்தே ஒரு பொழுதைக் கழிக்கலாம்.

கார்ன்வாலில் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் தீவுக்குப் போகிறவர்கள், கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை முந்தின இரவே பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்க்கவில்லை. கரையிலிருந்து தீவுக்குப் போகும் கல்பாதை கண்ணெதிரே தண்ணீருக்குள் போய்விட்டது, படகுக்குக் காத்திருந்ததில் அரை நாள் போனது. செயின்ட் ஐவ்ஸுக்கு செயின்ட் எர்த் நிலையத்தில் வண்டி மாற வேண்டும். அந்தச் சின்ன ரயிலில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.