இ-கோர்ட்ஸ் ஆப்: வாய்தா தேதிக்கு நம்பலாம், மற்றதற்கு?

வழக்கு நடக்கும் வீட்டில் எப்போதும் ஒரே கேள்விதான்: அடுத்த வாய்தா என்றைக்கு? முன்பெல்லாம் அதற்கான பதில் வக்கீல் குமாஸ்தாவின் டைரியில் மட்டும் இருந்தது. டைரி கையில் இல்லாத நாளில் கோர்ட்டுக்குப் போய்ச் சுவரில் ஒட்டிய பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். இப்போது அந்த டைரியின் வேலையைச் செய்வது 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' இணையதளமும் அதே பெயரிலான செயலியும். இரண்டும் இலவசம், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கும்.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். தேதி பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. அன்றைக்கு நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்று பார்க்க இது அரைகுறை. மேல்முறையீட்டுக் காலக்கெடுவை இதை வைத்துக் கணக்கிட்டால் வழக்கே கைவிட்டுப் போகலாம்.

2007-இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தின் பொதுமக்கள் முகம் இது. மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அரசு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. முன்சீப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட் முதல் மாவட்ட நீதிமன்றம் வரை ஒரு பக்கம், உயர் நீதிமன்றங்கள் மறுபக்கம் என்று இரண்டு வாசல். நுகர்வோர் ஆணையம், கடன் மீட்புத் தீர்ப்பாயம், ஆர்.டி.ஓ. முன்னால் நடக்கும் பட்டா மேல்முறையீடு எதுவும் இதில் கிடையாது. உச்ச நீதிமன்றத்துக்குத் தனி இணையதளம். 'என் கேஸ் வரவில்லை' என்ற புகார்களில் ஒரு பகுதி, வாசல் மாறி நிற்பதால் வருவது.

இதன் உயிர்நாடி சி.என்.ஆர். எண். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடங்கள் கொண்ட அடையாளம். முதல் 2 இடம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு டி.என்.), அடுத்த 2 மாவட்டம், அடுத்த 2 எந்த நீதிமன்றம் என்பதற்கான குறியீடு, பிறகு 6 இலக்க வரிசை எண், கடைசி 4 இலக்கம் ஆண்டு. நடுவில் கோடு, இடைவெளி எதுவும் போடக்கூடாது. கடைசி 10 இடங்களும் எண்களே. அங்கே வட்டமாகத் தெரிவது பூஜ்யம், ஆங்கில 'ஓ' அல்ல. அந்த 6 இலக்கத்தை வழக்கு எண் என்று நினைத்துக் குழம்புபவர்கள் நிறையப் பேர். ஓ.எஸ். (சிவில் அசல் வழக்கு) 45 என்று வக்கீல் சொல்லும் எண் வேறு, இது வேறு. வழக்கு போட்டவுடன் வக்கீலிடம் கேட்டு வாங்கி வைக்க வேண்டிய முதல் விஷயம் இந்த 16 இடங்கள்தான்.

வழக்கைத் தாக்கல் செய்ததும் கிடைப்பது தாக்கல் எண். அலுவலகம் சரிபார்த்துக் கோப்பில் எடுத்த பிறகுதான் பதிவு எண். ஆவணம் குறைவு, கோர்ட் ஃபீ குறைவு என்று மனு 'ரிட்டர்ன்' ஆகி, திருத்தி மறுபடி தாக்கல் செய்யும் வரை வழக்குக்கு 'நம்பர் ஆகவில்லை' என்பார்கள். அந்த இடைவெளியில் 'கேஸ் நம்பர்' என்ற கட்டத்தில் எதைத் தட்டினாலும் 'ரெக்கார்டு நாட் ஃபவுண்டு'தான். 'ஃபைலிங் நம்பர்' வழியாகத் தேட வேண்டும்.

எண் எதுவுமே கையில் இல்லாதபோது பெயரால் தேடலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, குறைந்தது 3 எழுத்து, கூடவே ஆண்டு. ஆண்டு தெரியாதவர்கள் ஒவ்வோர் ஆண்டாகப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். இது இந்தத் தளத்தின் பெரிய எரிச்சல்களில் ஒன்று. அதைவிடப் பெரிய தலைவலி பெயர். தரவில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன, யார் தட்டச்சு செய்தார்களோ அவர் எழுத்துக்கூட்டலில். சுப்பிரமணியன் 'என்'னிலும் முடியும், 'எம்'மிலும் முடியும். சண்முகம் 'எஸ்'ஸுக்குப் பின் 'எச்' போட்டும் போடாமலும் வரும். லட்சுமியில் 'எக்ஸ்' வருமா 'கே.எஸ்.எச்.' வருமா என்பது அவரவர் விருப்பம். அதனால் முழுப்பெயரைத் தட்டாதீர்கள். இனிஷியலை விட்டுவிட்டு, எப்படி எழுதினாலும் மாறாத நான்கைந்து எழுத்துகளை மட்டும் கொடுங்கள். கிடைக்காவிட்டால் எதிர்த்தரப்பின் பெயரைப் போடுங்கள். பெண்டிங், டிஸ்போஸ்டு, இரண்டும் என்ற மூன்றில் 'இரண்டும்' என்பதையே தொடுங்கள். முடிந்துபோன வழக்கை நிலுவையில் தேடி மணிக்கணக்கைத் தொலைப்பது சர்வ சாதாரணம்.

எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்தும் தேடலாம்: காவல் நிலையம், எண், ஆண்டு. ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் கோப்பில் எடுத்தால்தான் சி.சி. எண் (குற்ற வழக்குக்கு நீதிமன்றம் தரும் எண்) பிறக்கும். அதுவரை ஜாமீன் மனு போன்ற இடைமனுக்கள் மட்டும் தனி எண்ணில் தென்படலாம். போக்சோ, குடும்ப நல வழக்குகளின் உத்தரவுகள் திறந்த பார்வைக்கு வராது; அது கோளாறு அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

வழக்கு கிடைத்த பிறகு பெரும்பாலோர் 'அடுத்த தேதி'யைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே இறங்கினால் 'கேஸ் ஹிஸ்டரி' என்ற அட்டவணை இருக்கிறது. அதில் 'பிசினஸ் ஆன் டேட்' என்ற பத்தியில் நீல நிறத்தில் உள்ள ஒவ்வொரு பழைய தேதியையும் தொட்டால், அன்றைய குறிப்பு திறக்கும். பல நீதிமன்றங்களில் அது ஒரே வரி. சிலவற்றில் 'அட்ஜர்ண்டு' என்ற ஒற்றைச் சொல். ஆனாலும் அந்த ஒரு வரியும், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பக்கத்தில் உள்ள 'பர்ப்பஸ்' பத்தி காட்டும் சொல்லும் சேர்ந்தால் நிறையப் பேசும்.

'ஸ்டெப்ஸ்' என்று இருந்தால் எதிர்த்தரப்புக்குச் சம்மன் அனுப்ப பேட்டா (அதற்கான கட்டணம்) கட்ட வேண்டும் என்று பொருள். இரண்டு மூன்று வாய்தாவாக அதே சொல் நின்றால், பேட்டா கட்டப்படவில்லை அல்லது முகவரி தவறு. வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. 'ரிட்டன் ஸ்டேட்மென்ட்' என்றால் பிரதிவாதி பதிலுரை தாக்கல் செய்ய வேண்டிய கட்டம்: சம்மன் சார்வான (கையில் சேர்ந்த) நாளிலிருந்து 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. 'எக்ஸ்பார்ட்டி எவிடன்ஸ்' என்ற சொல்லைப் பிரதிவாதி கண்டால் அன்றே கிளம்ப வேண்டும். அவர் ஆஜராகவில்லை என்று ஒருதலைப்பட்சமாக வைத்து, வாதியின் சாட்சியத்தை மட்டும் எடுக்கப் போகிறார்கள். அந்தக் கட்டத்திலேயே பிடித்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 7-இன் கீழ் மனுப் போட்டு உள்ளே வந்துவிடலாம். தீர்ப்பு வந்துவிட்டால் விதி 13-க்குப் போக வேண்டும். அதற்குத் தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள் மட்டும். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். இந்தச் செயலி தன் முழுப் பயனையும் காட்டும் இடம் இதுதான். வாரம் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் பல எக்ஸ்பார்ட்டி தீர்ப்புகள் வந்தே இருக்காது.

'டிஸ்போஸ்டு' என்று சிவப்பில் பார்த்ததும் பதற வேண்டாம். 'நேச்சர் ஆஃப் டிஸ்போசல்' என்ற வரியைப் படியுங்கள். வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட வழக்கும் பழைய இடத்தில் முடிந்ததாகவே காட்டும். கீழே மாற்றல் விவரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு வளாகத்துக்குப் போயிருந்தால் அங்கே பெயரால் தேடிப் புது எண்ணை எடுக்க வேண்டும். 'டிஃபால்ட்' என்று இருந்தால் வாதி வராததால் தள்ளுபடி. மீண்டும் கோப்பில் எடுக்கக் கோரும் மனுவுக்கு அங்கேயும் 30 நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

இனி, இந்தச் சேவையை நம்பக்கூடாத இடம். தளத்தில் ஏறும் உத்தரவும் தீர்ப்பும் படிப்பதற்கு மட்டுமே. மேல்முறையீட்டுக்குச் சான்றிட்ட நகல் (நீதிமன்றமே சான்றளித்துத் தரும் பிரதி) வேண்டும். அதற்கு நகல் மனு போட வேண்டும். காலக்கெடு, தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து ஓடும், தளத்தில் பி.டி.எஃப். ஏறிய நாளிலிருந்து அல்ல. சிவில் வழக்கில் மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் தயாராக எடுத்துக்கொண்ட நாட்களைக் காலவரையறைச் சட்டம் பிரிவு 12 கழித்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் மனுப் போட்ட பிறகு ஆன நாட்களை மட்டும். 'தளத்தில் இன்னும் ஏறவில்லையே' என்று 20 நாள் காத்திருந்துவிட்டு நகல் மனு போட்டால், அந்த 20 நாள் உங்கள் கணக்கில்தான் போகும். சான்றிட்ட நகலின் முடிவில் மனுப் போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, தயாரான தேதி, பெற்ற தேதி என்று வரிசையாக எழுதியிருப்பதே இந்தக் கழிப்புக் கணக்குக்காகத்தான்.

இது வெறும் எச்சரிக்கை அல்ல. வி.நாகராஜன் எதிர் எஸ்.கே.எஸ். இஸ்பாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் இதையே சொன்னது. சென்னையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவை அறிவித்தது 2019 டிசம்பர் 31. தளத்தில் ஏறியது 2020 மார்ச்சில். மேல்முறையீடு போனது ஜூனில். ஏறிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சான்றிட்ட நகலுக்கு மனுவே போடவில்லை என்பதும் எதிராகப் போனது. அது திவால் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு என்றாலும், இணையத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருபவர் எல்லோருக்கும் பொருந்தும் பாடம் அதில் இருக்கிறது. தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு. மற்றதெல்லாம் பிறகு.

சென்னை உயர் நீதிமன்ற வழக்குகளுக்குச் செயலியின் மேலே உள்ள பொத்தானை 'ஹைகோர்ட்' பக்கம் தள்ள வேண்டும். பிறகு சென்னையா மதுரைக் கிளையா என்று கேட்கும். வழக்கு எண்ணில் 'எம்.டி.' என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால் மதுரை. இரண்டுக்கும் எண் வரிசை தனித்தனி என்பதால், மதுரையின் ரிட் மனு எண்ணைச் சென்னையில் போட்டால் யாரோ ஒருவருடைய வழக்கு வந்து நிற்கும். அதை நம் வழக்கு என்று நினைத்துக் கலங்கியவர்களும் உண்டு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேட அதன் சொந்தத் தளமே மேல். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். என்ற இணையத் தீர்ப்புத் தொகுப்பு இலவசம், சில தீர்ப்புகளுக்குத் தமிழாக்கமும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பு புரிந்துகொள்ள உதவும், வாதத்தில் எடுத்துவைக்க ஆங்கில மூலம்தான்.

வழக்குப் பட்டியலில் ஒரு சின்னப் பொறி: நீதிமன்றத்தையும் தேதியையும் தேர்ந்தெடுத்த பின் சிவில், கிரிமினல் என்று இரண்டு தனிப் பொத்தான்கள். தவறானதை அழுத்திவிட்டு 'பட்டியலில் பெயரே இல்லை' என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கேவியட் (நம்மைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்று முன்கூட்டியே போடும் மனு) தேடலும் இருக்கிறது. கேவியட்டுக்கு ஆயுள் 90 நாள் மட்டும் என்பதால், தேடுவதோடு தாக்கல் தேதியையும் பாருங்கள்.

நீதிபதி விடுப்பில் இருந்தால் மொத்தப் பட்டியலும் வேறு தேதிக்குப் போகும். அந்தப் புதுத் தேதி தளத்தில் ஏற அன்று மாலையோ மறுநாளோ ஆகலாம். கடந்துபோன தேதியே 'அடுத்த தேதி' என்று நின்றால், இன்னும் ஏற்றவில்லை என்று பொருள். இரண்டு நாள் கழித்தும் மாறாவிட்டால் நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே சரி.

இணையதளத்தைவிடச் செயலி கைக்கு அடக்கம். தளத்தில் ஒவ்வொரு தேடலுக்கும் கேப்சா. நடுவில் பிரவுசரின் பின்செல் பொத்தானைத் தொட்டால் பெரும்பாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். செயலியில் வழக்கை ஒருமுறை 'மை கேசஸ்' பட்டியலில் சேர்த்துவிட்டால், பிறகு தொட்டால் போதும். இணையம் இல்லாத சாதாரண போனுக்கும் வழி உண்டு: ஆங்கிலத்தில் 'இகோர்ட்ஸ்' என்று எழுதி, ஓர் இடம் விட்டு, சி.என்.ஆர். எண்ணைச் சேர்த்து 9766899899 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். அதுவும் கைவராதவர்களுக்கு நீதிமன்ற வளாகங்களில் இ-சேவை மையம் இருக்கிறது. வழக்கு, அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) மட்டும் தொடாதீர்கள். நீதிமன்றம் அப்படி எதையும் அனுப்புவதில்லை.

'மை கேசஸ்' பட்டியல் உங்கள் போனில் மட்டும்தான் சேமிக்கப்படுகிறது. போனை மாற்றுவதற்கு முன் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். புதுப் போனில் 'இம்போர்ட்' செய்தால் எல்லா வழக்கும் திரும்ப வந்துவிடும். அதோடு அந்த 16 இட எண்ணை வழக்குக் கட்டின் அட்டையில் பேனாவால் எழுதி வையுங்கள்.