15 வயதில் ஓய்வு: ஜப்பானியப் பள்ளி மன்றமா, ஜெர்மானிய ஊர்ச் சங்கமா?

என் மகள் டேபிள் டென்னிஸ் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றபோது அவளுக்கு வயது 15. காயம் ஏதுமில்லை, சலிப்பும் இல்லை. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் அவள் படித்த நடுநிலைப் பள்ளியின் அணி ஜூலை மாத வட்டாரப் போட்டியில் தோற்றது. இறுதியாண்டான மூன்றாம் ஆண்டு மாணவியர் அனைவருக்கும் பள்ளி விளையாட்டு மன்றம் அன்றோடு முடிந்தது. இதற்கு அங்கே வழங்கும் சொல் ‘இன்தாய்’. சுமோ வீரர் களத்திலிருந்தும் மூத்த அரசியல்வாதி பதவியிலிருந்தும் விலகுவதைக் குறிக்கும் அதே சொல்லைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைக் கேட்டபோது முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு இருக்கவில்லை.

அந்த ஆண்டின் இறுதியில், ஐச்சியிலேயே தொடர்வதா, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வட்டாரத்துக்கு மாறுவதா என்று முடிவெடுக்கும் வாய்ப்பு என் வேலையில் வந்தது. மாறினோம். சம்பளம், வாடகை, மொழி ஆகியவையும் அந்த முடிவில் இருந்தன. அவற்றை இங்கே விடுகிறேன். பிள்ளைகளுக்கு விளையாட்டைக் கொடுக்கும் இரண்டு முறைகளை ஒரே குடும்பத்துக்குள் அடுத்தடுத்து வாழ்ந்து பார்த்ததைத்தான் எழுத நினைக்கிறேன். என் சாய்வு ஜெர்மானியச் சங்கத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானில் விளையாட்டின் வீடு பள்ளி. வகுப்புகள் முடிந்ததும் அதே வளாகத்தில் ‘புகாட்சு’ எனப்படும் மன்றங்கள் தொடங்கும். ஒவ்வொரு மன்றத்துக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பாளர். ஜெர்மனியில் விளையாட்டின் வீடு ஊர். அங்கே பள்ளி நெடுங்காலம் மதியம் ஒரு மணியளவில் முடிந்துவிடும் அரைநாள் பள்ளியாகவே இருந்ததால், பிற்பகல் முழுவதும் ‘ஃபெரைன்’ எனப்படும் உறுப்பினர் சங்கங்களின் கைக்குப் போயிற்று. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். இன்று ஏறத்தாழ 86,000 விளையாட்டுச் சங்கங்களும், அவற்றில் 2.8 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர் பதிவுகளும் உள்ளன (ஒருவரே இரு சங்கங்களில் இருந்தால் இருமுறை எண்ணப்படுவார்). இரண்டு முறைகளின் வேரிலும் படைப்பயிற்சியின் வாடை உண்டு: 1811-இல் பெர்லினின் ஹாசன்ஹைடெ திடலில் ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இளைஞர்களைக் கம்பியில் தொங்கவிட்டது நெப்போலியனை எதிர்க்கும் உடல்களை உருவாக்கத்தான், 1880-களில் கல்வி அமைச்சர் மோரி அரினோரி ஜப்பானியப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்ததும் சிப்பாய்க் கவாத்துதான். ஆகவே எது தூய்மையான மரபு என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

பாடவேளை உடற்கல்வியை மட்டும் பார்த்தால் ஜப்பானுக்கே என் வாக்கு. நடுநிலைப் பள்ளியில் உடல்நலப் பாடத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 105 பாடவேளைகள், அதாவது வாரத்துக்கு மூன்று. அவை உண்மையிலேயே நடந்தன. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கி, திருப்பித் தராமலே போன பள்ளியில் படித்தவனுக்கு அதுவே பெரிய அதிசயம். பெரும்பாலான பள்ளிகளில் நீச்சல் குளம் உண்டு. 1955-இல் ஷியுன் மாரு என்ற படகு மூழ்கி, சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்ட 168 பேர் இறந்தது, குளங்கள் இப்படிப் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம். ஜெர்மனியில் எங்கள் பள்ளி அட்டவணையில் உடற்கல்வி இருந்தது. ஆசிரியர் விடுப்பில் போனால் முதலில் காணாமற்போனதும் அதுதான். ஆனால் அங்கே கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்பதால், ஒரு மாநிலத்தின் ஒரு பள்ளியைக் கொண்டு நாட்டையே எடைபோட எனக்குத் துணிவில்லை.

செலவிலும் சமத்துவத்திலும் கூட ஜப்பானியப் பள்ளி மன்றம் முந்துகிறது. மட்டையும் காலணியும் நாங்கள் வாங்கினோம். மற்றபடி சிறு தொகை. எல்லாரும் நடந்தே வரும் பள்ளியில் மன்றம் இருப்பதால், வீட்டில் கார் இல்லாத பிள்ளைக்கும் மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கதவு. ஜெர்மானியச் சங்கத்தில் மகளுக்கு ஆண்டுக்கு நூறு யூரோவுக்கும் குறைவான சந்தாதான் கட்டுகிறோம் என்றாலும், வெளியூர் ஆட்டங்களுக்குப் பெற்றோர் முறைவைத்துக் கார் ஓட்ட வேண்டும், கோடை விழாவுக்குக் கேக் சுட வேண்டும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிப்பதைக் கேட்க வேண்டும். ஜெர்மன் மொழி தடுமாறும் குடும்பம் இந்த வாசற்படியிலேயே நின்றுவிடக்கூடும். முதல் ஆறு மாதம் நாங்களும் நின்றோம்.

பயிற்சி தருபவரின் நேரத்தை யார் கொடுக்கிறார்கள் என்பது அடுத்த வேறுபாடு. இது என்னை உண்மையில் தொந்தரவு செய்தது. மகளின் மன்றப் பொறுப்பாளர் ஓர் அறிவியல் ஆசிரியை. டேபிள் டென்னிஸ் மட்டையைப் பிடித்தே பழக்கமில்லாதவர். பள்ளி ஒதுக்கிய மன்றம் என்பதால் சனிக்கிழமைகளிலும் வந்து நின்றார். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 2018-ஆம் ஆண்டு ஆய்வின்படி ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தார்கள். அதில் பாடத்துக்கு வெளியிலான மன்றப் பணி மட்டும் 7.5 மணி நேரம், மற்ற நாடுகளின் சராசரியோ 1.9. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மிகைநேர ஊதியமே கிடையாது. 1971-இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு மாற்றாகச் சம்பளத்தில் நான்கு விழுக்காட்டைச் சேர்த்துக் கொடுத்தது. அந்த நான்கு விழுக்காட்டை இப்போதுதான் படிப்படியாகப் பத்தாக உயர்த்தத் தொடங்கியிருக்கிறார்கள். ஜெர்மனியிலும் பயிற்றுநருக்குப் பெரிய ஊதியம் இல்லை; ஆண்டுக்கு ஒரு வரம்பு வரை வரியில்லாத சிறு படி உண்டு. ஆனால் எங்கள் சங்கத்தில் மேசைக்கு அருகில் நிற்பவர் அந்த விளையாட்டை விரும்பி வந்தவர். அவருக்கு அலுப்புத் தட்டினால் வராமல் இருக்கலாம். அப்போது பயிற்சியும் இராது. சங்கத்தின் பலவீனமும் அதுவேதான்.

இவற்றை மட்டும் கூட்டிக் கழித்தால் ஜப்பானே வெல்லும் என்று தோன்றலாம். என்னைப் பொறுத்தவரை தராசைச் சாய்த்தது வேறொரு கேள்வி: பள்ளியை விட்ட பிறகும் அந்த விளையாட்டு அந்தப் பிள்ளையோடு இருக்குமா?

ஜப்பானிய மன்றத்தில் வெளியேறும் வழி முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறது. கோடைகாலப் போட்டிகள் பெரும்பாலும் தோற்றால் வெளியேறும் முறையில் நடப்பவை. அந்த முறையில் முதல் சுற்றோடு பாதி அணிகளுக்கு ஆட்டம் முடிந்துவிடும். கடைசிவரை தோற்காத அணி ஒன்றே ஒன்று. இதன் உச்ச வடிவம் கோஷியென் பேஸ்பால் போட்டி. 1915-இல் தொடங்கிய அந்தக் கோடைப் போட்டிக்கு 3,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள் மாகாணச் சுற்றுகளில் மோதி, 49 அணிகள் தேர்வாகின்றன. தோற்ற அணியின் பையன்கள் திடலில் மண்டியிட்டு, அங்குள்ள கறுப்பு மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு அழுவதை நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது. அந்தக் காட்சியின் அழகை மறுக்க எனக்கு மனமில்லை, நானும் கண்கலங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கண்ணீருக்கு ஒரு காரணம், அந்தப் பையன்களில் பெரும்பாலோருக்கு அதுவே வாழ்வின் கடைசிப் போட்டி ஆட்டமாக இருப்பது. நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டுக் கோடைக்குப் பிறகு நுழைவுத் தேர்வு. உயர்நிலைப் பள்ளியிலும் அதே கதை. ஒவ்வொரு முறையும் புதிய வளாகத்தில் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும், முதலாண்டுக்காரர் பந்து பொறுக்க வேண்டும், மூத்தவரைக் கண்டால் குனிய வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு கணக்கு, பள்ளிக்கு ஓர் அணி என்பது. மகளின் மன்றத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவியர் இருந்தார்கள். பள்ளியின் பெயரில் குழுப் போட்டிக்குப் போகும் அணி ஒன்றே. இரண்டரை ஆண்டு நாள்தோறும் வந்து, வெறுங்காற்றில் மட்டையை வீசிப் பழகி, மேசைகளை விரித்து மடக்கி, ஒருமுறைகூடப் பள்ளி அணியில் ஆடாமல் ‘ஓய்வு’ பெற்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் பொறுமையையும் ஒழுங்கையும் கற்றார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள்; அது உண்மைதான். டேபிள் டென்னிஸைக் கற்றார்களா என்பதில்தான் எனக்கு ஐயம்.

ஜெர்மனியில் நாங்கள் சேர்ந்த சங்கத்துக்கு ஆறு அணிகள். ஆட்கள் கூடினால் ஏழாவது அணியைப் பதிவு செய்வார்கள்; அதற்குத் தகுந்த கீழ்த்தட்டு லீக் எப்போதும் இருக்கும். இலையுதிர்காலத்தில் ஒரு சுற்று, ஆண்டு பிறந்ததும் ஒரு சுற்று என எல்லா அணிகளும் ஒன்றோடொன்று இருமுறை மோதுகின்றன. இன்று 8-2 என்று தோற்றால் அடுத்த வாரம் வேறோர் ஊரில் வேறோர் ஆட்டம். ஆண்டுக் கடைசியில் அடிமட்டத்தில் இருந்தால் ஒரு தட்டு கீழே இறங்குவார்கள், அவ்வளவுதான்; யாரும் ஓய்வு பெறுவதில்லை.

வயதுக் கலப்பு எனக்கு இன்னும் பெரிய வியப்பு. டேபிள் டென்னிஸில் ஒவ்வொரு லீக் ஆட்டத்தின் முடிவும் வயது பாராமல் ஒரே புள்ளிப் பட்டியலில் ஏறுகிறது. அந்தப் புள்ளியை வைத்தே எந்த அணியில் எந்த இடம் என்று முடிவாகிறது. அதன் பயனாக, வந்த இரண்டாம் ஆண்டில், மகள் பெரியவர்களின் ஐந்தாவது அணியில் ஆடினாள். அவளோடு ஆடிய மற்ற மூவரில் ஒருவர் தபால்காரர், ஒருவர் பல் மருத்துவமனையில் பணிபுரியும் பெண், இன்னொருவர் 68 வயதான ஓய்வுபெற்ற தச்சர். தச்சர் முழங்கால் வலியால் நகர மாட்டார். ஆனால் அவருடைய மட்டையின் ஒரு பக்கத்தில் ஒட்டிய, முள் போன்ற நீண்ட புடைப்புகள் கொண்ட ரப்பரில் பட்டுத் திரும்பும் பந்தைப் புரிந்துகொள்ளவே அவளுக்கு ஒரு பருவம் ஆயிற்று. ஐச்சியில் அவள் தன்னைவிட மூன்று வயது மூத்தவரோடு ஆடியதில்லை. 68 வயதில் இது எப்படி ஆடப்படுகிறது என்பதை அவள் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போயிருக்கும். பார்க்காத ஒன்றைத் தனக்கும் உரியது என்று ஒரு பிள்ளை எப்படி எண்ணும்?

உயர்தரப் பயிற்சிக்கு எது சிறந்தது என்று கேட்டால் என் அனுபவம் அங்கே போதாது. ஜப்பானின் முதல் ஒலிம்பிக் டேபிள் டென்னிஸ் தங்கத்தை, டோக்கியோவில் இதோ மிமா என்ற வீராங்கனையோடு கலப்பு இரட்டையரில் வென்ற மிசுதானி ஜுன், பதின்வயதிலேயே ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றவர் என்பதை மட்டும் குறிப்பிடலாம். ஆனால் இதோ மிமா வளர்ந்த வழி பள்ளி மன்றமும் அன்று, ஜெர்மனியும் அன்று, வீட்டில் தாய் கொடுத்த பயிற்சி. வெல்பவர்களைக் கொண்டு இந்த இரண்டு முறைகளையும் எடைபோட முடியாது. ஜப்பானின் உயர்நிலைப் பள்ளி மன்றங்களையும் நான் வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவன். அங்கேதான் நட்பு ஆழப்படுகிறது என்று என் ஜப்பானியச் சக ஊழியர்கள் அடித்துச் சொல்வார்கள். அதே உயர்நிலைப் பள்ளி மன்றத்தின் இருட்டையும் அவர்கள் மறைப்பதில்லை. 2012-இல் ஓசாகாவில் கூடைப்பந்து அணித் தலைவனாக இருந்த மாணவன், பயிற்றுநரின் அடிகளுக்குப் பிறகு தன்னுயிரை மாய்த்துக்கொண்டது நாட்டையே உலுக்கியது. பள்ளியில் அடிப்பது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடைசெய்யப்பட்டிருந்தும் இது நடந்தது. பிற்பாடு 2018-இல் அரசின் விளையாட்டு முகமை, வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு, பள்ளி நாளில் இரண்டு மணி நேரம், விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் என்று மன்றங்களுக்கு வரம்பு வகுத்தது.

வேடிக்கை என்னவென்றால், நான் ஒப்பிடும் இரண்டு முறைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஜப்பான் ஜெர்மனியைப் பார்ப்பது புதிதன்று. 1960-இல் ஜப்பானியக் கால்பந்து அணியோடு டூயிஸ்பர்க் விளையாட்டுப் பள்ளிக்குப் போன இளம் வீரர் கவாபூச்சி சபுரோ அங்கிருந்த புல்தரைகளைக் கண்டு மலைத்தார். 1993-இல் அவர் தலைமையில் தொடங்கிய, ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஜே லீக், நிறுவன அணிகளை ஊர்ச் சங்கங்களாக மாற்றியதில் அந்த மலைப்பின் தடம் உண்டு. 2023 முதல் நடுநிலைப் பள்ளி மன்றங்களை, வார இறுதி நாட்களிலிருந்து தொடங்கி, வட்டார அமைப்புகளிடம் ஒப்படைக்கும் மாற்றம் நடந்துவருகிறது. கோபே நகரமோ தன் நடுநிலைப் பள்ளி மன்றங்களை 2026-இல் அடியோடு முடித்து, வட்டாரக் குழுக்களிடம் விடுவதென முடிவெடுத்தது. குழந்தைகள் குறைந்து, ஒன்பது பேர் சேராமல் பேஸ்பால் அணி கலையும் ஊர்களில் இது கொள்கைப் பிரச்சினையே அன்று, வேறு வழியில்லாத நிலை. ஆனால் ஏழைப் பிள்ளைக்கும் திறந்திருந்த கதவு சந்தா கேட்கும் கதவாகிவிடுமோ என்ற அச்சத்துக்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கவில்லை. மறுபுறம் ஜெர்மனியில், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு முழுநாள் பராமரிப்பைச் சட்டப்படியான உரிமையாக்கும் ஏற்பாடு 2026 ஆகஸ்டில் முதல் வகுப்பிலிருந்து நடைமுறைக்கு வருவதாகச் சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளை மாலை நான்கு மணி வரை பள்ளியில் இருந்தால், சங்கத்தின் பிற்பகல் என்னவாகும்?

இது எங்கள் சங்கத்தின் கடந்த பொதுக்கூட்டத்தில் நீண்ட நேரம் பேசப்பட்டது. சிறுவர் பயிற்சியை ஐந்தரை மணிக்குத் தள்ளினால் பெரியவர்களின் மேசை நேரம் குறையும். பள்ளிக்குள்ளேயே போய்ப் பயிற்சி தரலாம் என்றால் பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை விட்டுவரக் கூடியவர்கள் ஓய்வூதியக்காரர்கள் மட்டுமே. தச்சர் கையை உயர்த்தினார். செவ்வாய்க்கிழமைகளில் தாம் போவதாகவும், ஆனால் கீழே விழும் பந்துகளைப் பொறுக்க முழங்கால் இடம்கொடாது என்பதால் ஒருவர் துணைக்கு வேண்டும் என்றும் சொன்னார். மகளுக்குச் செவ்வாய்ப் பிற்பகல் கல்லூரி வகுப்பு இல்லை. பந்து பொறுக்குவதில் தனக்கு இரண்டரை ஆண்டு முன்னனுபவம் இருப்பதாகக் கூறித் தன் பெயரை எழுதிக்கொடுத்தாள்.