பால் பண்ணைச் சுற்றுலா: தொழுவத்தைவிட அலுவலக அறை மேல்

பொதுமக்களை அழைத்துச் சென்று காட்டும் பால் பண்ணைச் சுற்றுலா ஒன்றில் கடந்த மாதம் குடும்பத்தோடு கலந்துகொண்டேன். தொழுவம் துப்புரவாக இருந்தது. காலணிகளைக் கிருமிநாசினியில் நனைத்த பிறகே உள்ளே விட்டார்கள். பண்ணை உரிமையாளர் இன்முகத்தோடு பேசினார். ஏற்பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. என் மனக்குறையெல்லாம் அவர்கள் காட்டாமல் கடந்துபோனவற்றைப் பற்றியது.

முதல் ஒரு மணி நேரம் படமெடுப்பதிலேயே கழிந்தது. பால் உறையில் அச்சிட்டிருக்கும் பச்சைப் புல்வெளியை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, அந்தப் படத்தையே நேரில் காட்டி அனுப்புகிறார்கள். பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும் என்பதே குழுவில் சிலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. "அப்படியானால் கன்று ஏன் அம்மாவோடு இல்லை?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வழிகாட்டி சிரித்துவிட்டு எங்களைக் கறவைக் கூடத்துக்கு நடத்திச் சென்றுவிட்டார். வணிகப் பால் பண்ணைகள் பலவற்றில் பிறந்த சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ கன்றைப் பிரித்துவிடுகிறார்கள். விற்பனைக்குரிய பால் குறையக் கூடாது, நோய் தொற்றக் கூடாது என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். ஏற்பதும் மறுப்பதும் கேட்பவர் விருப்பம். ஆனால் அதைச் சொல்லவே தயங்கினால், பண்ணைக்காரர் எதையோ மறைக்கிறார் என்ற எண்ணந்தான் மிஞ்சும்.

இந்தச் சுற்றுலாவின் சிறந்த பகுதி நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. திடீரென மழை பிடித்துக்கொள்ள, உரிமையாளரின் அலுவலக அறைக்குள் ஒதுங்கினோம். மேசைமேல் விரித்திருந்த சிகிச்சைப் பதிவேட்டை அவரே எடுத்துக் காட்டினார்: பசுவின் காதில் மாட்டிய அடையாள வில்லையின் எண், மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் அந்தப் பசுவின் பாலை விற்பனைக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு. அதனருகே மானிய விண்ணப்பம் ஒன்று கிடந்தது. நிலத்தின் பரப்பளவு, மாடுகளின் எண்ணிக்கை எனக் கட்டங்கட்டமாகக் கேட்டிருந்தார்கள். மண் எப்படி இருக்கிறது என்று கேட்கும் கட்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை. உலகின் 54 நாடுகள் 2020 முதல் 2022 வரை வேளாண்மைக்கு அளித்த ஆதரவு ஆண்டுக்குச் சராசரியாக 85,100 கோடி டாலர் எனப் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அவ்வளவு பெரிய தொகையைப் பரப்பளவையும் மாட்டு எண்ணிக்கையையும் பார்த்துக் கொடுப்பதா, மண்ணைப் பேணுவதைப் பார்த்துக் கொடுப்பதா என்ற விவாதம் ஒரு பண்ணையின் மேசைக்கு எந்த வடிவத்தில் வந்து சேர்கிறது என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் கண்டேன். தொழுவத்தில் நின்ற ஒரு மணி நேரத்தில் இவ்வளவு தெரிந்துகொள்ளவில்லை.

வாயிலருகே உள்ள தகவல் பலகை, உலக உணவில் மூன்றில் ஒரு பங்கு வீணாவதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டைச் சொல்கிறது. கடை, உணவகம், வீடு ஆகிய மூன்றிலும் 2022இல் வீணான உணவில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்பதை மட்டும் சொல்லவில்லை. வந்தவர்களின் மனம் நோகக் கூடாது என்ற கரிசனம் போலும்.

நாற்பது பேரை ஒரே குழுவாக அழைத்துச் செல்வது அதிகம். பின்வரிசையில் நிற்பவருக்கு எதுவும் காதில் விழாது. மற்றபடி தாராளமாகப் போகலாம். மழையில்லாத நாளிலும் அலுவலக அறையைத் திறந்துவிடும்படி கருத்துப் படிவத்தில் எழுத நினைத்தேன். மதிப்பெண் கட்டங்களைத் தவிர அதில் இடமில்லாததால், தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.